அப்பத்தாவுக்குப் பரீட்சை வைக்காதீங்க!

“அப்பத்தா, நான் யாருன்னு சொல்லு பாப்போம்?”

பொங்கலுக்குச் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் தேனி பஸ் ஏறி வரும் பேரப்பிள்ளைகள், பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்கிற கேள்வி இது. டிமென்ஷியா எனும் மறதிநோய் வந்த அப்பத்தா என்ன செய்வார்? சுற்றி நிற்கும் முகங்களைப் பார்த்துச் சிரித்து வைப்பார். இரண்டாவது ஆளும் அதையே கேட்டால், எழுந்து உள்ளே போய்விடுவார். பெயர் தெரியாவிட்டாலும், தோற்றுப்போனது தெரியும்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் இதற்கு ‘வயசாயிருச்சு, புத்தி தடுமாறுது’ என்றுதான் பெயர்.

கேள்வியைப் பதிலாக மாற்றிவிடுங்கள். “அப்பத்தா, நான் உன் சின்ன மகன் பிள்ளை, திருப்பூர்லருந்து வந்திருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்காருங்கள். அவ்வளவுதான்.

இந்த நோயில் பெரும்பாலும் புதிய நினைவுகள்தான் முதலில் அழியும். காலையில் சாப்பிட்டது மறந்துபோகும்; வருஷக்கணக்காகச் செய்த கைவேலை மறக்க நாளாகும். காப்புக் கட்டும் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலையை அவர் முன்னால் வையுங்கள், கொத்து கட்டிவிடுவார். மொச்சை உரிக்கக் கொடுங்கள். தோலும் பருப்பும் கலந்து கிடந்தால் என்ன, பிறகு பிரித்துக்கொள்ளலாம். முதல்போக நடவில் பாடிய பாட்டை யாராவது எடுத்துக் கொடுத்தால், அடுத்த வரி அவரிடமிருந்தே வரலாம். அடுப்புப் பக்கம் மட்டும் தனியாக விடக் கூடாது. விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குக் கரும்புத்துண்டு வேண்டாம்.

கஷ்டமான இடம் ஒன்று உண்டு. சுவரில் தாத்தா படத்துக்கு மாலை போட்டிருக்கும். அதன் கீழேயே உட்கார்ந்து, “ஒங்க தாத்தா இன்னும் வயக்காட்டுலருந்து வரலையா?” என்பார். “அவர் செத்துப் பத்து வருஷமாச்சே” என்று ஒவ்வொரு முறையும் திருத்தினால், ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. “தாத்தாவுக்குச் சக்கரைப் பொங்கல்னா ரொம்பப் பிடிக்குமோ?” என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் கதை கிடைக்கும். இது பொய் சொல்வதாகாதா என்று சிலருக்கு உறுத்தலாம். உறுத்தட்டும், பரவாயில்லை.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வேறு மாதிரி. எட்டு நாளும் இராப்பகலாகக் கூட்டம், தீச்சட்டி, மேளம், ராட்டினச் சத்தம். சாயங்காலமானால் பதற்றம் கூடுவது இந்த நோயின் குணம். சொந்த வீட்டில் இருந்துகொண்டே “வீட்டுக்குப் போகணும்” என்பார்கள். அந்த நேரத்தில் திருவிழாக் கூட்டம் வேண்டாம். விடியற்காலையில் போய், கும்பிட்டுவிட்டு, வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம். போன் நம்பர் எழுதிய சீட்டு அவர் சேலை முந்தியில் இருக்கட்டும். கிளம்பும்போதே ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்துவிட்டால், ‘என்ன கலர் சேலை?’ என்றுதான் போலீஸ் முதலில் கேட்கும்.

இரண்டே நாளில் திடீரெனக் குழப்பம் அதிகமானால், பண்டிகை அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோகூடக் காரணமாக இருக்கலாம். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

பொங்கல் பொங்கும்போது எல்லோரும் வாசலில் குலவை போட, ஒருவர் மட்டும் உள்ளே அப்பத்தாவுக்குச் சேலை மாற்றிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் அது மருமகள்தான். வருஷம் முழுக்க அவர் பார்க்கிறார். வெளியூரிலிருந்து வந்த மகன்கள் இந்த மூன்று நாளில் ராத்திரிக் காவலையாவது முறை போட்டு எடுத்துக்கொள்ளலாம். முதல் ராத்திரி கஷ்டமாகத்தான் இருக்கும். மூன்று மணிக்கு எழுந்து, மாட்டைப் பிடித்துக் கட்டச் சொல்வார். மாடு விற்றுப் பல வருஷம் ஆகியிருக்கும். “கட்டிட்டேம்மா” என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.