பணியாளர் வழி

இங்கிலாந்தின் தென்பகுதியில் அப்பார்க் என்னும் பெருமாளிகை ஒன்று உண்டு. அதன் சமையற்கூடமும் குதிரை இலாயமும் மாளிகைக்குப் புறத்தே தனிக் கட்டடங்களில் இருந்தன. அவற்றிலிருந்து மாளிகைக்கு வர, நிலத்தின் கீழே சுரங்கப் பாதைகள் வெட்டியிருந்தனர். உணவுத் தட்டுகளை ஏந்திய வேலையாட்கள் அப்பாதைகளின் வழியே வந்து போயினர். மேலே புல்வெளியில் உலவுவோர் கண்ணில் அவர்கள் படுவதில்லை. அம்மாளிகையில் பணிப்பெண்களுக்குத் தலைவியாக வேலை பார்த்த ஓர் அம்மையாரின் மகன், தாயைக் காண வந்து அங்கே தங்குவதுண்டு. எச். ஜி. வெல்ஸ் என்று பின்னர் உலகம் அறிந்த எழுத்தாளர் அவரே.

1895இல் அவர் 'கால இயந்திரம்' என்னும் கதையை வெளியிட்டார். அக்கதையில் ஒருவன் 8,02,701ஆம் ஆண்டிற்குச் செல்கின்றான். அங்கே மனித இனம் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றது. ஒளியும் மலரும் நிறைந்த மேல்நிலத்தில் உண்டு ஆடித் திரியும் மெல்லியர் ஒருபுறம்; நிலத்தடி இருளில் இயந்திரங்களோடு வாழ்வோர் மறுபுறம். மெல்லியருக்கு எழுத்து இல்லை, உழைப்பு இல்லை, நீடித்த ஆர்வம் என்பதுகூட இல்லை. கீழே வாழ்வோரோ இருள் சூழ்ந்ததும் மேலே வந்து அவர்களைப் பிடித்துத் தின்கின்றனர். இந்நிலையை எந்த அரசனும் ஆணையிட்டு உண்டாக்கவில்லை. உழைப்போரும் உண்போரும் வெவ்வேறு இடங்களில், ஒருவர் முகத்தை மற்றவர் காணாமல், நெடுங்காலம் வாழ்ந்தனர், அவ்வளவே.

இது கதைதானே என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்தியப் பெருநகரங்களின் அடுக்ககங்கள் சிலவற்றில் இன்று வீட்டுப் பணியாளருக்கென்று தனி மின்தூக்கி இருக்கின்றது. அப்பார்க் மாளிகையின் சுரங்கம் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கின்றது போலும்!

சென்னையின் தென்புறத்தில் இதற்கு மாறான ஒரு காட்சியும் உண்டு. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931இல் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. வகுப்பு வேற்றுமை அதிலும் இருந்தது. 1974இல் இந்திய இரயில்வே மூன்றாம் வகுப்பு என்பதையே நீக்கியது; முதல் வகுப்பு நின்றது. 2025இல் குளிரூட்டிய வண்டியும் வந்தது. தொடங்கியபோது சாதாரண வண்டியின் குறைந்த கட்டணம் 5 ரூபாய். அதில் 35 ரூபாய். வெயிலில் களைத்தவர் குளிர்காற்றை விரும்புவது குற்றம் அன்று. வகுப்பு எதுவாயினும், நடைமேடை இன்றும் ஒன்றே. கீரைக் கட்டு சுமந்த மூதாட்டியும் கணிப்பொறி சுமந்த இளைஞனும் ஒரே மணியொலிக்குத் தலைநிமிர்கின்றனர். வண்டி தாமதமானால் இருவரும் ஒன்றாகவே சலித்துக்கொள்கின்றனர்.

அந்த நடைமேடைக்குக் கிழக்கே, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, வேறு வகையான ஊர்கள் எழுந்துள்ளன. 1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது பெருவழக்காக இருந்தது. அது நல்ல வழக்கம். 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கண்ணகி நகரும், பின்னர்ச் செம்மஞ்சேரியும், அதன் பின் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களும் அமைந்தன. கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பல்லாயிரம் இங்கே கொண்டுவரப்பட்டன. நகரின் நடுவிலிருந்து இவ்விடங்கள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளன. வீட்டு வேலைக்கு நடந்தே சென்ற பெண்கள் விடியுமுன் பேருந்துக்கு நிற்க நேர்ந்தது. பலர் வேலையையே இழந்தனர். பள்ளி ஆண்டின் நடுவிலே பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் தேர்வுக்கு எங்கே செல்வது என்று தவித்தனர்.

ஒழுகும் குடிசையினும் உறுதியான வீடு மேலானது அன்றோ என்று கேட்பர். மேலானதுதான், ஐயமில்லை. வீட்டைக் கொடுத்ததில் குறையில்லை. பழைய ஊரினின்று பிரித்ததிலேதான் குறை உள்ளது. வெள்ள அச்சத்தைக் காரணமாகக் கூறுவதுண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் நல்ல வசதியுடையோர் வீடுகளும் மூழ்கின. படகிலேறித்தான் பலர் வெளியே வந்தனர். ஆறு வகுப்புப் பார்க்கவில்லை. வெள்ளம் வடிந்தபின் வகுப்புப் பார்த்தவர் மனிதரே. ஆற்றங்கரைக் குடிசைகள் அகற்றப்பட்டன. நீர்வழியை நெருக்கி எழுந்த பெரிய கட்டடங்கள் பல அங்கேயே நிற்கின்றன. பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்து ஊர். பெருமழை பெய்தால் செம்மஞ்சேரியிலும் நீர் சூழ்ந்துகொள்கின்றது.

வெல்ஸ் மக்களை மேல், கீழ் என்று பிரித்துக் கற்பனை செய்தார். இங்கே அருகு, தொலைவு என்று பிரிவு நடக்கின்றது. தொலைவில் வைக்கப்பட்டவனைப் பற்றி அருகில் இருப்பவன் கேள்விப்படுவதெல்லாம் வதந்தியே. கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைக்காது என்று அஞ்சி, வேறு முகவரி எழுதிய இளைஞர் உண்டு. சாலையின் ஒருபுறம் கண்ணாடி மாளிகை போன்ற கணிப்பொறி நிறுவனங்கள்; சிறிது தொலைவில் அவ்விளைஞரின் வீடு. இருபுறத்தாரும் ஒரே பள்ளியில் படிப்பதில்லை. ஒரே கடையில் வாங்குவதில்லை. பிறந்த முகவரியே ஒருவனது தகுதியை முடிவு செய்யுமாயின், அதற்கும் பழைய சாதி ஏற்பாட்டிற்கும் வேற்றுமை மிகச் சிறிது.

2025 அக்டோபரில் பகரைன் நாட்டில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. இந்தியப் பெண்கள் கபடி அணி பொற்பதக்கம் வென்றது. அணியின் துணைத் தலைவி கார்த்திகா, கண்ணகி நகரில் வளர்ந்து அங்கேயே கபடி பழகியவர். சென்னை அவரை வரவேற்றபோது, 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே செய்தித்தாள்கள் எழுதின.