சைவம் என்றால் வராதா?

உறவினர் ஒருவருக்கு மேல்கையில், தோலுக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. போன வாரம் அல்ட்ராசவுண்டில் நீர்க்கட்டியும் அதற்குள் புழுவின் தலையும் தெரிந்தன. நாடாப்புழுவின் இளம்பருவத்தால் வரும் சிஸ்டிசெர்கோசிஸ் என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டில் யாரும் நம்பவில்லை. "நாம சுத்த சைவம், பன்றிக்கறி தின்கிறவங்களுக்குத்தானே இது வரும்? ரிப்போர்ட் மாறியிருக்கும்." அவர்களை விடுங்கள். முன்பு பார்த்த மருத்துவரும் சைவம் என்று கேட்டதுமே கொழுப்புக் கட்டி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். படித்தவருக்குமா இந்த மூடநம்பிக்கை?

வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில் நாடாப்புழு வளரலாம். தோலுக்கு அடியிலும் மூளையிலும் கட்டி வருவது, அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டையை விழுங்குவதால். கழுவாத கை போதும், சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த கீரை போதும்.

1992-இல் நியூயார்க்கிலிருந்து ஒரு மருத்துவ அறிக்கை வெளியானது. வைதிக யூதர்கள் நால்வருக்கு மூளையில் இதே புழுக்கட்டி. பன்றியை மதமே விலக்கிய வீடுகள் அவை. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வேலைக்கு வந்திருந்தவர்கள் வழியாக முட்டை உள்ளே வந்திருக்கலாம் என்று தெரிந்தது. அந்த யூதர்களைவிடக் கண்டிப்பாகவா நாம் பன்றியை ஒதுக்குகிறோம்? அவர்களுக்கே வந்தது நமக்கு வராதா?

சைவருக்கு வராது என்ற நம்பிக்கையில் சாதித் திமிரும் ஒளிந்திருக்கிறது. பன்றி வளர்க்கிறவரைப் பார்த்து முகம் சுளிப்போம். திறந்தவெளியில் மலம் கழிக்கும் ஊரைப் பற்றிப் பேசமாட்டோம். முட்டைக்கோஸ் புழு மூளைக்கு ஏறும் என்று வாட்ஸப்பில் பரப்புகிறவர்களும் இந்தக் கூட்டம்தான். இலையைத் தின்னும் பச்சைப் புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் எந்த உறவும் இல்லை. நாடாப்புழுவின் முட்டையோ கண்ணுக்கே தெரியாது.

வலியில்லாத கட்டி நாட்பட இருந்தால், என்ன சாப்பிடுகிறவரானாலும் ஸ்கேன் எடுங்கள். புழுக்கட்டி என்று உறுதியானால், மருந்து தொடங்கும் முன் மூளையையும் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருக்கும் கட்டி மருந்தில் சாகும்போது வீங்கிக் கெடுதல் செய்யும். வீட்டில் எல்லோருக்கும், சமைக்கிறவருக்கும், மலப் பரிசோதனை செய்யுங்கள். யாருக்காவது புழு இருந்தால் வேலையைவிட்டு நிறுத்தாதீர்கள். குடல்புழுவுக்கு ஒரே வேளை மருந்து இருக்கிறது, வாங்கிக் கொடுங்கள்.