கையில் ஐந்து விக்கெட்டுகள்

இலக்கியம் பேசும் இடத்தில் கிரிக்கெட்டா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொறுத்தருள்க. சொல்லாவிடில் நெஞ்சு ஆறாது.

2025 ஏப்ரல் 5, சனிக்கிழமை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் திரும்பும் பேருந்தில் இருந்தேன். பக்கத்து இருக்கை இளைஞரின் கைப்பேசியில் சேப்பாக்கம் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. டெல்லி அணி வைத்த இலக்கு 184. விக்கிரவாண்டியைக் கடக்கையில் சென்னையின் ஐந்தாவது விக்கெட் வீழ்ந்தது. அப்போது எடுத்திருந்தவை 74 ஓட்டங்களே. பேருந்தில் எழுந்ததோ மகிழ்ச்சிக் கூச்சல்! தோனி வருகிறாராம். நம் அணியின் வீழ்ச்சிக்கு நாமே கைதட்டிய அக்கணத்தில்தான் என் சினம் தொடங்கிற்று.

எஞ்சிய ஒன்பது ஓவர்களுக்கும் மேலாகத் தோனியும் விஜய் சங்கரும் ஆடினர். அதன்பின் ஒரு விக்கெட்டும் விழவில்லை. விஜய் சங்கர் 54 பந்துகளில் 69. தோனி 26 பந்துகளில் 30. திண்டிவனத்தில் இறங்குகையில் எல்லாம் முடிந்திருந்தது. 25 ஓட்டங்களில் தோல்வி. ஐந்து விக்கெட்டுகள் மிச்சம். அவற்றைச் சேமித்து எங்கே கொண்டுபோவது?

தோல்வி நமக்குப் புதிதன்று. 2022இலும் முதல் நான்கு ஆட்டங்களை இழந்தோம். ஆனால் 2025இன் தொடக்கம் வேறுவகை. முதல் ஆட்டத்தில் மும்பையை வென்ற அணி, அடுத்த ஐந்திலும் தொடர்ந்து தோற்றது. பெங்களூரு அணி 2008க்குப் பின் முதன்முறையாகச் சேப்பாக்கத்தில் வென்றது. 197 என்னும் இலக்கைத் துரத்திய அன்று தோனி ஒன்பதாமவராகவே இறங்கினார். ஏப்ரல் 11இல் கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர்களில் எடுத்தவை 103 ஓட்டங்கள் மட்டுமே.

வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனிடம் பெருஞ்சேரலாதன் தோற்றான். புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். வென்ற மன்னனின் முன்னிலையிலேயே தோற்றவனின் பெருமையைப் பாட வெண்ணிக் குயத்தியார் தயங்கவில்லை. இருந்த ஆற்றலையெல்லாம் களத்தில் செலவிட்டுத் தோற்றவனுக்கே நம் மரபு அந்த மதிப்பைத் தந்தது. செலவிடாமல் தோற்றவனுக்கு அன்று.

இதில் ஆடுவோரை மட்டும் குறைகூறல் நேர்மையாகாது. ஐந்து முறை கோப்பை வென்ற அணியை ஒரு தனிமனிதரின் தரிசனக் கூடமாக மாற்றியதில் இரசிகர்களாகிய நமக்கும் பங்குண்டு. நாம் வெற்றியைக் கேட்கவில்லை; அவர் வருகையைக் கேட்டோம். கேட்டதே கிடைத்தது. 14 ஆட்டங்களில் 4 வெற்றி. முதன்முறையாகக் கடைசி இடம்.

பின்னர் பதினேழு வயது ஆயுஷ் மாத்ரேயும் டெவால்ட் பிரெவிஸும் அஞ்சாது மட்டை வீசினர். கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ஓட்டங்களில் வென்றோம். காலங்கடந்த வெற்றிதான், ஆயினும் அன்று என் சினம் சற்றே தணிந்தது.

இனி ஒருமுறை ஐந்தாவது விக்கெட் வீழும்போது நாம் கைதட்டாதிருப்போமா? அணியின் மாற்றம் அந்த மௌனத்திலிருந்து தொடங்கக்கூடும்.