லென்ஸ் மூச்சு விடுவதில்லை

வ.உ.சி. துறைமுகத்தைப் பற்றி நான் பார்த்த வீடியோ விவரணப் படங்களில் ஒரு ஷாட் தவறாமல் வந்துவிடுகிறது. முன்னால் வலை பின்னும் ஒரு கை. ஃபோகஸ் மெல்ல நகர, பின்னால் கண்டெய்னர் கப்பல் தெளிவடைகிறது. பாட்டன் தொழில், பேரன் காலம் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொள்கிறோம். அதே வினாடியில் சட்டகம் லேசாகக் குறுகி, ஓரத்திலிருந்த கிரேன் வெளியே நழுவிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இதற்கு லென்ஸின் மூச்சு என்று பெயர். வந்தது வினை. நம் விமர்சக நண்பர்கள் சிலர் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், கேமரா உயிர்பெற்றுவிட்டதாகவும் முத்துக்குளிப்பவனின் மூச்சு அதில் கேட்பதாகவும் பேசத் தொடங்கிவிட்டார்கள். இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அந்த மனிதர்கள் மூச்சை அடக்கினார்கள், விடவில்லை. உவமையாவது சரியாக இருக்க வேண்டாமா? என் பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தால், அதை ரூபாயின் மூச்சு என்று குறித்துவிட்டு நான் வீட்டுக்குப் போக முடியாது.

நடப்பது இவ்வளவே. கிட்டத்துப் பொருளுக்கு ஃபோகஸ் செய்யும்போது பழைய லென்ஸ்களில் கண்ணாடித் தொகுதி முழுவதும் முன்னே நகர்கிறது. பிம்பம் பெரிதாகி, பார்வைக் கோணம் குறுகுகிறது. உள்ளே சில கண்ணாடிகள் மட்டும் நகரும் இன்றைய புகைப்பட லென்ஸ்கள் பலவற்றில் இதற்கு நேர்மாறு: கிட்டத்தில் குவியத் தூரம் குறைந்து கோணம் அகல்கிறது. அசையாத படம் எடுப்பவருக்கு இது பொருட்டே இல்லை. சினிமாவுக்கென்றே செய்யும் லென்ஸ்களில் இதை அடக்கிவைக்கிறார்கள். அவற்றின் விலைக்கு அதுவும் ஒரு காரணம். 2021இல் வந்த சோனி ஆல்பா 7 வரிசையின் நான்காவது கேமரா, சட்டகத்தின் ஓரத்தைச் சற்று வெட்டிச் சமன்செய்கிறது, அதுவும் தனக்குத் தெரிந்த லென்ஸ்களுக்கு மட்டும். வெட்டுப்படும் ஓரத்தில் முயல் தீவு இருந்தால் அதுவும் போகும்.

அபர்ச்சரைக் கொஞ்சம் குறைத்தால் தீரும் என்பவர்கள் முயன்று பார்க்கட்டும். பின்னணி துலங்கத் துலங்க அசைவும் துலங்கும். திறந்த லென்ஸின் மங்கலில்தான் அது ஒளிந்துகொள்கிறது. ஃபோகஸோடு கேமராவையும் நகர்த்தினால் ஓரளவு மறையும். இரண்டு ஷாட்டாக வெட்டினால் பிரச்சினையே இல்லை. இன்னொரு வழி: அகலக் கோண லென்ஸைப் போட்டு, அபர்ச்சரை நன்றாகக் குறைத்து, கையும் கப்பலும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும்படி வைப்பது. தூத்துக்குடியில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் அப்படி வைத்தால் எதை எப்போது பார்ப்பது என்பதைப் பார்வையாளன் தீர்மானித்துக்கொள்வான். நம் இயக்குநர்கள் பயப்படுவது இதற்குத்தான். லென்ஸின் கோளாறை இவர்கள் கவிதை என்று கொண்டாடுவதும் இந்தப் பயத்துக்குக் காவலாகத்தான்.

இனி இதுபற்றி எழுத உத்தேசிப்பவர்கள் ஒரு லென்ஸை இரவல் வாங்கி, சட்டக ஓரத்தில் ஒரு விளக்குக் கம்பம் நிற்கும்படி பார்த்துக்கொண்டு, ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பிப் பார்க்கலாம். ஐந்து நிமிஷ வேலை.