டிப்ளமோவோடு நின்றுவிடலாமா?

பெங்களூர்த் தமிழ்த் தொழிலாளர் பலர், பிள்ளை பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அது பாதி வழிதான். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பில் நேராக 2-ஆம் ஆண்டில் சேரலாம். பத்தாவதுக்குப் பின் 3 ஆண்டு டிப்ளமோ, 3 ஆண்டு பட்டப்படிப்பு. பன்னிரண்டாவது வழியே போனாலும் அதே 6 ஆண்டுதான்.

ஆனால் டிப்ளமோவில் 45 சதவீத மதிப்பெண் வேண்டும், கர்நாடகத்தில் டி.சி.இ.டி. நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழை நம்பியிருப்பதும் தவறு. வெளிமாநிலத்திலிருந்து குடிவந்த பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு வந்த மாநிலத்தில் ஒதுக்கீட்டு உரிமை இல்லை என்று 1990-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது.

ஆகவே டிப்ளமோ முதல் ஆண்டிலேயே திட்டமிட வேண்டும். கடைசி ஆண்டில் விசாரிப்பது, ரயில் போன பிறகு டிக்கெட் எடுப்பது போலத்தான்.