மிச்ச மாத்திரை

தொண்டை வலிக்கு வேறிடத்தில் வாங்கிய அமோக்சிசிலினைச் சாப்பிட்டு முடித்த நாற்பது வயது அம்மா ஒருவர், மறுவாரம் என் கிளினிக்கிற்கு வந்தார். (பெரும்பாலான தொண்டை வலிக்கு அந்த மாத்திரை தேவையே இல்லை என்பது வேறு கதை.) கூட வந்த மகள் வெளியே போன பிறகுதான் வாயைத் திறந்தார். அரிப்பு, எரிச்சல், தயிர்க்கட்டி போல வெள்ளைப்படுதல். "கிருமிதானே டாக்டர்" என்று, கணவரின் மிச்ச ஆன்டிபயாடிக்கையும் மூன்று நாள் விழுங்கியிருக்கிறார். அரிப்பு கூடிவிட்டது.

கூடாமல் என்ன செய்யும்? ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும்; பூஞ்சையைத் தொடாது. பிறப்புறுப்பில் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா அமிலத்தன்மையைக் காத்து, கேண்டிடா என்ற பூஞ்சையை அடக்கி வைத்திருக்கிறது. தொண்டைக்கென்று விழுங்கிய மாத்திரை இரத்தத்தோடு அங்கேயும் போய் அந்தக் காவலைக் குலைத்துவிடுகிறது.

"நான் சுத்தமாத்தான் இருக்கேன் டாக்டர்" என்று நாலு தடவை சொன்னார். சுத்தத்திற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாலில் மூன்று பெண்களுக்கு ஒரு முறையாவது வருவதுதான். சோப்பு போட்டு உள்ளே கழுவுவதுதான் கெடுதல்.

உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரை கொடுத்தேன். திரும்பத் திரும்ப வந்தால் பின்னால் நீரிழிவு இருக்கலாம் என்பதால் சர்க்கரையும் பார்த்தேன். நல்லவேளை, சரியாக இருந்தது.

மிச்ச மாத்திரை எங்கே என்று கேட்டேன். கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.