பரணில் கிடக்கும் லேப்டாப்பை எழுப்புவோமா?

பல வீடுகளில் பீரோவுக்கு மேலோ பரணிலோ ஒரு பழைய லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிய பிறகு பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் வாங்கிய லேப்டாப்பாகக்கூட இருக்கலாம். பிள்ளை படித்து முடித்து வேலைக்கும் போயாச்சு. தாத்தாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் மட்டும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்தினால் உயிர் வராது. 'மதர்போர்டு போச்சு' என்று முடிவு கட்டுவதற்கு முன், நாமே சில விஷயங்களைச் செய்து பார்க்கலாம்.

சார்ஜர் போடும் முன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். பேட்டரி இருக்கும் பக்கம் உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம். குத்தாமல், அழுத்தாமல் சர்வீஸ் கடையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, அறிகுறியைக் கவனியுங்கள்.

லைட்டும் இல்லை, சத்தமும் இல்லையா? முதல் சந்தேகம் சார்ஜர் மேல்தான். வேறு பிளக் பாயின்ட்டில் போடுங்கள். சுவரிலிருந்து அடாப்டர் வரை வரும் ஒயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். வேறு அடாப்டர் கடன் வாங்கினால், பின் பொருந்தினால் மட்டும் போதாது. ஸ்டிக்கரில் உள்ள வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும் (பெரும்பாலும் 19 அல்லது 19.5). ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். அப்படியும் வரவில்லையா? சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். இப்போது ஓடினால், பழுது பேட்டரியில்தான்.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பா? இருட்டு அறையில் திரை மேல் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் திரையின் பின்விளக்குதான் போயிருக்கிறது. கேபிள் போட்டு டிவியில் இணைத்தும் பார்க்கலாம். டிவியிலும் படம் வரவில்லையென்றால் ராமைக் கவனியுங்கள். சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு, அடிமூடியைத் திறந்து ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடையுங்கள். சாய்வாகச் செருகி, 'க்ளிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பல நாள் சும்மா கிடந்த லேப்டாப் பல நேரம் இதிலேயே எழுந்துவிடும்.

லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லையா? பென் டிரைவ் ஏதாவது செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். தேதி பல ஆண்டு பின்னால் காட்டினால் உள்ளே இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்திருக்கும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்தால் படங்கள் மொத்தமாகப் போகலாம்.

எதுவும் பலிக்கவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். லேப்டாப் போனால் டிஸ்க்கும் போய்விட்டதாக அர்த்தமில்லை. டிஸ்க்கை மட்டும் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் படங்களை எடுத்துவிடலாம். கடைக்குக் கொண்டுபோனால், 'உள்ளே இருப்பது வேண்டும், ஃபார்மட் செய்யக் கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தண்ணீர் கொட்டியது, கருகல் வாடை வருவது என்றால் நாமே கை வைக்க வேண்டாம், கடைதான் சரி.

லேப்டாப் எழுந்துவிட்டால் முதல் வேலை, படங்களை இரண்டு இடத்தில் நகலெடுப்பது. மற்றதெல்லாம் அப்புறம். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் வேகம் நன்றாகவே கூடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. அதனால் பழைய விண்டோஸில் வங்கி வேலை வேண்டாம். இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டால், பேரப்பிள்ளைகள் தட்டச்சு பழகவும் தாத்தா பாட்டு கேட்கவும் தாராளமாகப் போதும்.